கிளிஃப் ஹாவர்த் மாட்டிய கண்ணாடி

ஆல்பியன் தெருவில் கிளிஃப் ஹாவர்த்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பேசுவார்கள். அவரே அப்படித்தான். "இந்த பர்ன்லி ஊருல முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், ஒரு புறாவக்கூட இடிச்சதில்ல. கையில ஸ்குரூ டிரைவர் ஏறினாத்தான் ஊருக்கு ஆபத்து" என்று கிளப்பில் பீரும் கையுமாக உட்கார்ந்து சொல்வார். சொல்லிவிட்டு மறுநாளே ஸ்குரூ டிரைவரை எடுப்பார். அந்த மனிதரை என்னதான் செய்வது.

சமையலறையில் அவர் அடித்த அலமாரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மனைவி பெரிலின் கல்யாணப் பீங்கான்களோடு கீழே இறங்கி வந்தது. கொல்லையில் பறவைகளுக்கென்று செய்து மாட்டிய கூட்டில் இன்றுவரை ஒரு குருவியும் குடிவரவில்லை. முன்னறைச் சுவரில் ஒட்டிய பூப்போட்ட காகிதத்தில் பூக்களெல்லாம் தலைகீழாகத் தொங்கின. "தொங்குற பூவுலயும் ஒரு ரகம் இருக்கு" என்று கிளிஃப் சாதித்தார்.

அந்த முன்னறை ஜன்னலில்தான் வினை வந்தது. இரட்டைக் கண்ணாடி ஜன்னல். இரண்டு கண்ணாடிகளையும் நடுவில் காற்றையும் வைத்து ஓரமெல்லாம் அடைத்திருப்பார்கள். அந்த அடைப்பு எங்கோ விட்டுப்போய், ஈரம் உள்ளே புகுந்து, கண்ணாடிக்கு நடுவில் பால் தெளித்ததுபோல் ஆகிவிட்டது. ஒரு குளிர்காலம் முழுக்க பெரில் உள்ளேயிருந்து துடைத்தாள். கிளிஃப் ஏணி போட்டு வெளியேயிருந்து துடைத்தார். அழுக்கு நடுவில் இருக்கிறது என்று இருவருக்கும் உறைக்க வசந்தம் வந்துவிட்டது.

சாதாரண ஜன்னலாக இருந்தால் போகிறது என்று விட்டிருக்கலாம். எதிர் வீட்டில் பெரிலின் அக்கா எடித் இருந்தாள். எண்பதைத் தாண்டியவள், காது சுத்தமாகக் கேட்காது, அதனால் போனும் உதவாது. போன ஜனவரியில் பனியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். எலும்பு கூடிவிட்டது, தைரியம் கூடவில்லை. டாக்டர் சொல்லிப் பார்த்தார், நர்ஸ் கையைப் பிடித்துக் கூப்பிட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் பெரில் சாப்பாடு கொண்டுபோவாள். ஆனால் முக்கியமானது காலை எட்டு மணி. இந்த ஜன்னலில் பெரில் டீக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவாள். அந்த ஜன்னலில் எடித் தன் கோப்பையைத் தூக்குவாள். ராத்திரி கழிந்தது, நான் இருக்கிறேன், நீயும் இருக்கிறாய் என்று அதற்கு அர்த்தம்.

இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் முகம் வெறும் நிழலாகிவிட்டது. "அவ கோப்பையைத் தூக்குறாளா, குப்புற விழுறாளான்னே தெரியல கிளிஃப்" என்றாள் பெரில். "எனக்கு அந்த முகம் தெரியணும். ஆளக் கூப்பிட்டு மாத்து."

"ஆள் எதுக்கு? ஒரு கண்ணாடிதானே. நான் மாத்துறேன்."

பெரில் மேலே கூரையைப் பார்த்தாள்.

கண்ணாடிக் கடையில் ஷாஜியா என்ற பெண் அளவு கேட்டாள். கேட்டுவிட்டு, "பீடிங்க எடுத்துட்டுத்தானே அளந்தீங்க?" என்றாள். கண்ணாடியை நாலு பக்கமும் பிடித்திருக்கும் பட்டைதான் பீடிங். அதைக் கழற்றினால் உடைந்துவிடுமோ என்று பயந்து, கண்ணுக்குத் தெரிந்த கண்ணாடியை மட்டும் டேப்பால் அளந்து வந்திருந்தார் கிளிஃப். பட்டைக்குள் ஒளிந்திருக்கும் கண்ணாடி கணக்கிலேயே வரவில்லை. போதாததற்கு, சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, இருந்த அளவிலும் குறைத்திருந்தார். வரிசையில் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் தெரியாது என்று சொல்வதாவது.

"பின்ன? எடுத்துட்டுத்தாம்மா அளந்தேன்" என்றார்.

கண்ணாடி வந்து சேர்ந்த வாரத்தில் பெரிலுக்குக் கண்ணைக் காட்டப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. எடித்திடம் அதைச் சொல்லவில்லை. எடித்தின் புருஷன் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் திரும்பி வரவில்லை. அதன் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் படபடப்பு வந்துவிடும்.

நவம்பர் மாதம், இருட்டு விலகுவதற்குள் பெரில் கிளம்பினாள். மாடித் திரையைக்கூடத் திறக்கவில்லை.

"எட்டு மணிக்கு நீ கோப்பையைத் தூக்கணும்" என்றாள். "என் ரோஸ் ஸ்வெட்டரப் போட்டுக்கோ. இந்தப் புகைக் கண்ணாடியில நீ யாரு, நான் யாருன்னு அவளுக்குத் தெரியாது."

"நான் பாத்துக்கிறேன். நீ போ."

"ஒரே ஒரு வேல, கிளிஃப். கோப்பையைத் தூக்குறது. அதையாவது உருப்படியா செய்."

பெரில் போனதும் அவர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார். தோளில் இறுக்கியது, வயிற்றில் பட்டன் சேரவில்லை. மணியைப் பார்த்தார். எட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. புதுக் கண்ணாடி கூடத்தில் சுவரோடு சாய்ந்து நின்றது. சட்டென்று மாட்டிவிட்டால், எட்டு மணிக்கு எடித் பளிச்சென்ற கண்ணாடியைப் பார்ப்பாளே என்று தோன்றியது. கண்ணாடி பளிச்சென்று இருந்தால், ரோஸ் ஸ்வெட்டருக்கு மேலே இருப்பது தன் மீசை என்பதும் பளிச்சென்று தெரியுமே, அது தோன்றவில்லை. "மூளைய பஸ் டிப்போவுலயே ஒப்படைச்சுட்டு வந்துட்டேன்" என்று பின்னால் அவரே சொன்னார்.

பீடிங் ஆச்சரியமாக உடையாமல் வந்தது. பழைய கண்ணாடியும் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அதைக் கொல்லைக்குத் தூக்கிப்போய், பழைய போர்வையில் சுற்றி, சுத்தியலால் நொறுக்கிக் குப்பைத் தொட்டியில் கொட்டினார். திரும்பி வந்து புதுக் கண்ணாடியை ஜன்னலில் வைத்தார். அது நிற்கவில்லை. சட்டத்தைத் தொடாமலே உள்ளே புகுந்து தெருப்பக்கம் போகப் பார்த்தது. அவர் பதறிப் பிடித்திராவிட்டால் நடைபாதையில் விழுந்திருக்கும்.

கையில் கண்ணாடியை அணைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் குளிர்காற்று அடித்தது. பழையதைத் திரும்ப வைக்கலாம் என்றால் அது போர்வைக்குள் தூளாகக் கிடந்தது.

அப்புறம் நடந்ததை விவரிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. கீழே அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தார். சுற்றிலும் வெள்ளை ஒட்டு நாடாவைச் சுருள் தீரும்வரை ஒட்டினார். கண்ணாடி ஒருமாதிரி நின்றது. எதிர் ஜன்னலுக்கு எடித் வந்து உட்காரும் நேரம், இந்தக் கூத்தைப் பார்த்தால் சாகும்வரை சொல்லிக்காட்டுவாள் என்று நினைத்ததும், கனத்த திரையை இழுத்து இந்த மூலை முதல் அந்த மூலை வரை மூடினார். காற்றும் நின்றது, மானமும் தப்பித்தது என்று பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தபடியே எட்டு மணியும் தாண்டிப் போனது. கோப்பை ஞாபகமே இல்லை.

பகலில் வீட்டின் முன்பக்கத் திரைகள் மூடிக் கிடந்தால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே காரணம்தான். அந்த வீட்டில் யாரோ செத்துப்போயிருக்கிறார்கள். துக்கத்துக்கு மரியாதையாக உறவும் அக்கம்பக்கமும்கூடத் தங்கள் திரைகளை மூடுவார்கள். பிறந்த நாள் முதல் அதே தெருவில் இருக்கிற கிளிஃபுக்கு இது தெரியாதா? தெரியும். மற்றவர்கள் வீட்டுத் திரை என்றால் நன்றாகவே தெரியும்.

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். ஜன்னலைப் பார்க்க வந்துவிட்டார்கள் என்று கிளிஃப் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். கடிதம் போடும் துவாரத்தின் மூடி தூக்கிக்கொண்டது. பக்கத்து வீட்டு டோரீன்.

"கிளிஃப், நீ எந்திரிச்சு வர வேணாம்ப்பா" என்றாள் மெல்ல. "வாசல்ல ஹாட்பாட் வச்சிருக்கேன். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவச்சது. தொண்டையில எறங்காதுதான், ஆனா ரெண்டு வாயாவது சாப்பிடு. இந்த மாதிரி நேரத்துல வெறும் வயித்தோட இருக்கக் கூடாது."

கிளிஃபுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடி சரியாக உட்காராத விஷயம் அதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டதா? அதற்கு ஆறுதல் சொல்லி ஆட்டுக்கறி வேறு. டோரீன் போன பிறகு துவாரத்தின் வழியாக எட்டிப் பார்த்தார். தெருவில் போன ஒருவன் அவர் வீட்டு முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றி, தலைகுனிந்துவிட்டுப் போனான். இது நக்கல்தான் என்று முடிவே செய்துவிட்டார்.

அப்போதுதான் எதிர் வீடு கண்ணில் பட்டது. எடித்தின் ஜன்னலில் திரை மூடியிருந்தது. மாடியிலும் மூடியிருந்தது. அதற்கு இந்தப் பக்கத்து வீடும், அந்தப் பக்கத்து வீடும்கூட மூடியிருந்தன.

கிளிஃபுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது. எடித் போய்விட்டாள். அவள் எட்டு மணிக்குக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்திருப்பாள். இந்தப் பக்கம் யாரும் தூக்கவில்லை. செய்யச் சொன்னது ஒரே ஒரு வேலை. பெரில் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவாள், அவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? நாற்பது வருஷமாக எடித்தைத் திட்டித் தீர்த்தவர்தான் அவர். ஆனாலும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து, காலுறையோடு, வாசலில் இருந்த ஹாட்பாட்டைத் தாண்டிக் குதித்து ஓடினார்.

அவர் நடுத்தெருவை எட்டும்போது எதிர்க்கதவும் திறந்தது. எடித் நின்றாள். கறுப்புக் கோட்டு, அதற்குக் கீழே ராத்திரி உடுப்பு, காலில் வீட்டுச் செருப்பு. அவரைப் பார்த்தாள். அவர் போட்டிருந்த ரோஸ் ஸ்வெட்டரைப் பார்த்தாள். அவள் வாய் கோணிக்கொண்டது. நிலையைப் பிடித்திருந்த கையை விட்டாள். ஜனவரியிலிருந்து தாண்டாத வாசற்படியைத் தாண்டி, ஈரமான நடைபாதையில் இறங்கி, எதையும் பிடிக்காமல் நேராக அவரை நோக்கி வந்தாள். வந்து கட்டிக்கொண்டாள்.

"அவ சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறியேடா பாவி" என்று அழுதாள். "இவ்வளவு பாசமா அவமேல உனக்கு? நான் உன்ன என்னவெல்லாம் பேசியிருக்கேன்."

செத்தவள் கட்டிப்பிடித்து அழுகிறாளே என்று கிளிஃப் விழித்தார்.

"வலிச்சுதாடா அவளுக்கு?"

"யாருக்கு, பெரிலுக்கா? கண்ணுல சொட்டு மருந்துதான் விடுவாங்க. வலிக்காது."

எடித்துக்குக் கேட்கவில்லை. "என்கிட்டச் சொல்லாமலே போயிட்டாளே" என்று அவர் தோளில் முகத்தைப் புதைத்தாள். அவர் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். மேலும் கீழும் மூடிய திரைகள். அப்போதுதான், ஐயோ பாவம், அவருக்கு விளங்கியது.

"எடித்" என்று அவள் காதில் கத்தினார். "பெரில் சாகல. உயிரோட இருக்கா. நான் ஜன்னல் மாத்தினேன்."

"என்னது?"

"ஜன்னல். கண்ணாடி சின்னதாப் போச்சு. வெளிய தெரியக் கூடாதுன்னு திரைய மூடினேன்."

தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எடித் பின்னால் நகர்ந்து அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவள் கையை ஓங்கியபோது மூலையில் பஸ் வந்து நின்றது. பெரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கினாள். மருந்து விட்ட கண்ணில் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

"நடுரோட்டுல என் ஸ்வெட்டரோட நிக்கிறது யாரு?" என்றாள். "பக்கத்துல யாரு, எங்கக்கா மாதிரி இருக்கு?"

"அக்காதான்" என்றார் கிளிஃப், அசடு வழிய.

"பொய் சொல்லாத. எங்கக்கா வெளியவே வர மாட்டா."

ஓங்கிய கை அப்படியே இறங்கி, தங்கையின் கன்னத்தைத் தடவிப் பார்த்தது. மூக்கைத் தடவியது. டோரீன் வந்து ஹாட்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகப் பார்த்தாள். கிளிஃப்தான் விடவில்லை.

மறுநாள் பெரிலே கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தாள். கொஞ்ச நாளில் இரண்டு பேர் வந்து, பீடிங்கை எடுத்துவிட்டு அளந்து போனார்கள். பிறகு வந்து சரியான கண்ணாடியை மாட்டினார்கள். கிளிஃபின் பங்கு, அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தது. சர்க்கரையைத் தவறாமல் கேட்டுப் போட்டார்.

அடுத்த நாள் காலை எட்டு மணி. கண்ணாடி இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. எதிர் வீட்டுச் செங்கல்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பெரில் கோப்பையோடு நின்றாள். எதிர் ஜன்னலில் திரை திறந்திருந்தது, நாற்காலி இருந்தது, எடித் இல்லை. பெரில் கண்ணாடியில் மூக்கு ஒட்ட எட்டிப் பார்த்தாள்.

கதவை யாரோ தட்டினார்கள். எடித். கோட்டுப் பையில் தன் கோப்பையைப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"இவன் இருக்கிற வீட்டு ஜன்னல நம்பி நான் அங்க உக்காந்திருக்க முடியாது" என்றாள். நேராகப் போய் கிளிஃபின் நாற்காலியில் உட்கார்ந்தாள், புது ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பெரில் எதிரில் உட்கார்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தபடியே டீ குடித்தாள்.

அன்றிலிருந்து தினமும் இதுதான். கிளிஃபுக்கு உட்கார இடம் கிடையாது. ஜன்னலோரம் நின்றுதான் குடிக்கிறார். போன வாரம் ஏதோ ஞாபகத்தில், எட்டு மணி அடித்ததும், எதிர் ஜன்னலைப் பார்த்துத் தன் கோப்பையைத் தூக்கிவிட்டார்.

"அங்க யாருடா இருக்கா, கூமுட்ட?" என்றாள் எடித் அவர் நாற்காலியிலிருந்து. "நான் இங்க இருக்கேன். டீய ஊத்து."

கிளிஃப் ஊற்றினார்.