மூன்று மணி நேரம், ஒரே சிடி

என் மேசை இழுப்பறையில் ஒரு சிடி இருக்கிறது. அதன்மேல் கறுப்பு மார்க்கரில் ‘கல்யாணம் - முழுசும்’ என்று எழுதியிருக்கிறேன். ‘முழுசும்’ என்பதற்குக் கீழே பெருமையாக ஒரு கோடு வேறு. அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கும்.

அது என் அக்காவின் கல்யாணம். எண்பதுகளின் கடைசியில், செல்லூரில் எங்கள் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு நடந்தது. நாலு வருஷம்தான் வாழ்ந்தாள். ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாள். மகளுக்கு அப்போது இரண்டு வயது. அக்காவின் போட்டோக்கள் நாலைந்து உண்டு. ஆனால் அவள் நடப்பதும் திரும்புவதும் சிரிப்பதும் அந்தக் கல்யாண வீடியோ கேசட் ஒன்றில் மட்டும்தான் இருந்தது.

அத்தான் டவுன் பஸ் கண்டக்டர். மறுகல்யாணம் என்று யாராவது வாயெடுத்தால் “ரைட், ரைட், எறங்குங்க” என்று விசிலடிக்காத குறையாக அனுப்பிவிடுவார். ஒவ்வொரு வருஷமும் அக்காவின் திதியன்று படையல் போட்டு, வந்தவர்கள் சாப்பிட்டுப் போனதும், பதினாலு இஞ்ச் டிவிக்கு முன்னால் பாயை விரித்து உட்காருவார். கேசட் மூன்று மணி நேரம் ஓடும். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார். “வருசம் பூரா பஸ்ஸுல நின்னுக்கிட்டேதான இருக்கேன்? அன்னைக்கு ஒருநாளு அவ முன்னாடி உக்காந்துட்டா எந்திரிக்கக் கூடாது” என்பார். அவர் சாதாரணமாகத்தான் சொல்வார்.

நான் அப்போது கோரிப்பாளையத்தில் கேசட்டை சிடியாக மாற்றிக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தேன். அத்தானின் கேசட்டில் பூஞ்சை பிடித்து, படம் கோடு கோடாக ஓட ஆரம்பித்திருந்தது. திதிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். மூன்று மணி நேரத்தை முறைப்படி மாற்றினால் மூன்று சிடி ஆகும் என்றேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

“கேசட்டுல ஒருதடவ போட்டுட்டு உக்காந்தேன். உன் சிடியில நடுவுல ரெண்டு தடவ எந்திரிச்சு மாத்தணுமா? இது என்ன மாப்ள முன்னேத்தம்?”

“ஒரே சிடில அடைக்கலாம் அத்தான். ஆனா மூணு பஸ் கூட்டத்த ஒரு பஸ்ஸுல ஏத்துற மாதிரி.”

“அதத்தான நான் தெனம் செய்யுறேன்? ஏத்து, ஏத்து. உள்ள தள்ளிப் போகச் சொல்லு.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு இடம் என்பதை நாம்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். பிட் ரேட் என்பார்கள். கொடுக்க வேண்டியதில் பாதியைக்கூட நான் கொடுக்கவில்லை. படத்தின் அளவையும் சுருக்கினேன். கடையில் இருந்ததும் சின்ன டிவிதான். ஓட்டிப் பார்த்தேன், குறை தெரியவில்லை. அத்தான் வீட்டு டிவிக்கு இது போதும் என்று மார்க்கரை எடுத்து எழுதி, கோடும் போட்டேன். உலகத்தில் அதைவிடப் பெரிய டிவி வரும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவேயில்லை. ஆறே மாதத்தில் கடைக்கு டிவிடி ரைட்டர் வந்தது. ஒரு தட்டில் மூன்று மணி நேரமும் நோகாமல் உட்கார்ந்திருக்கும். ஆனால் அதற்கு முந்தைய பொங்கலுக்கு அத்தான் வீட்டில் வெள்ளையடித்தபோதே, “சிடி போட்டாச்சுல்ல, இனி எதுக்கு அந்தப் பூஞ்சக் குப்பை?” என்று சொல்லி, கேசட்டைப் பழைய பேப்பர்காரரின் சாக்கில் நான்தான் போட்டேன். என் கையாலேயே போட்டேன்.

ஏழு வருஷம் ஓடிப்போனது. அக்கா மகள் பாலிடெக்னிக் முடித்து வேலைக்குச் சேர்ந்ததும் அப்பாவுக்கு நாற்பது இஞ்ச் டிவி வாங்கி, சுவரில் மாட்டினாள். நேரில் பார்த்த அம்மா முகம் அவளுக்கு ஞாபகம் இல்லை, போட்டோவிலும் அந்தச் சின்ன டிவியிலும் பார்த்ததுதான். “அம்மாவ ஆள் உசரத்துக்குப் பாக்கணும் மாமா” என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். திதியன்று மத்தியானம் சிடியைப் போட்டேன். அத்தான் வழக்கம்போலப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

திரையில் பந்தல் வாழைமரம் அச்சடித்த மாதிரி இருந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்த எங்கள் சின்ன அத்தையும், கூச்சத்தில் விறைத்துப் போயிருந்த மாப்பிள்ளையும் தெளிவாக இருந்தார்கள். அக்காவின் கழுத்துக்கு மேலே சதுரம் சதுரமாகக் கட்டங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அசையாத பொருளுக்குக் கொஞ்ச இடம் போதும். அசைவதற்குத்தான் அதிகம் வேண்டும். அக்கா மணவறையில்கூட ஒரு நொடி சும்மா இருந்தவள் இல்லை. திரும்புவாள், யாரிடமோ கையாட்டுவாள், தலையைச் சாய்த்துச் சிரிப்பாள். அவள் சிரித்த இடத்திலெல்லாம் நான் அவளைக் கலைத்திருந்தேன்.

“அம்மாவுக்கு மூஞ்சியே இல்லையே மாமா” என்றாள் பெண்.

“ஏத்துறப்ப கொஞ்சத்த எறக்கி விட்டுட்டோம் அத்தான்” என்றேன். எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

“யார எறக்குன? அவளையா?” அவர் கத்தவில்லை. திரையில் இருந்த தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நான் எதுக்குடா இம்புட்டுத் தெளிவா இருக்கேன்? என்னய யாரு கேட்டா?”

அந்தச் சிடியை வாங்கிக்கொண்டு போய் ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். பிட் ரேட்டை ஏற்றினேன், அளவைப் பெருக்கினேன், கட்டங்களை மழுப்பும் வடிகட்டிகளைப் போட்டேன். ஃபைல் ஊதிப் பெருத்ததே தவிர அக்கா வரவில்லை. மழுப்பினால் மெழுகு பொம்மை மாதிரி ஆனாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தூக்கிப் போட்டதை எந்த செட்டிங்கும் திருப்பித் தராது. தொழில் தெரிந்தவனுக்கு இது முதல் நாளே தெரியும், அக்காவின் தம்பிக்குத்தான் தெரியவில்லை.

கையை விரித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் வீட்டுக்குப் போனேன். “சரி, போடு” என்றார். ஓட ஆரம்பித்ததும் பத்து நிமிஷம்கூட உட்கார முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் எழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்து, தெருவாசல் கேட்டுப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

“பாப்பா! ஏய் பாப்பா! இங்கிட்டு வா. ஓடி வா!”

இரண்டு பேரும் ஓடினோம். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திறந்த கதவு வழியாக, அந்த நீள வீட்டின் கடைசிச் சுவரில் டிவி தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் கட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அக்கா ஆகியிருந்தன. தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு, “என்னைய மாதிரியே சிரிக்கிறாங்கப்பா” என்றாள்.

“நீதான் அவள மாதிரி சிரிக்கிற” என்றார் அத்தான். “இம்புட்டுத் தூரந்தேன் பாப்பா. கோரிப்பாளையம் ஸ்டாப்புல ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிப்பா, நான் பின்படியில தொங்கிக்கிட்டு வாரேன். உங்கம்மாவ நான் மொதல்ல பாத்தது இம்புட்டுத் தூரத்துலதான்.”

உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்ற மனிதர் அன்றைக்கு மூன்று மணி நேரமும் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு வந்த எல்லாத் திதிக்கும் அங்கேதான் நின்றார்.

இப்போது அத்தானும் இல்லை. பெண் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். என் வீட்டில் ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி. திதியன்று இழுப்பறையைத் திறந்து சிடியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய்ப் பார்ப்பேன். இளவயது அத்தான், விறைப்பாக, ஒரு மயிரிழை பிசகாமல் இருப்பார். அவர் வேண்டாமென்ற அந்தத் தெளிவுதான் எனக்கு இப்போது அவர். அப்புறம் அக்காவும் தெரிய வேண்டுமே என்று மெல்லத் தெருவாசலுக்குப் போகிறேன். சிடி ஓடி முடிகிறவரை உட்காருவதில்லை.