ஏழு டொக்டர்களும் ஒரு டொக்குத்தரும்

வெள்ளவத்தை ஜெகதீஸ்வரிக்கு ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் சோறு இறங்காது. அரசாங்கக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்த பழக்கம். மகன் சாரங்கனுக்கு வலிப்பு. ஓய்வு பெற்றபின், அதே வருத்தமுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு மின்னஞ்சல் குழுவை நடத்தினார். அவரைத் தவிர ஏழு பேர். ஒவ்வொரு மடலின் அடியிலும் ‘இது வெளியே போகக்கூடாது’ என்று போட்டிருக்கும். போட்டால் போகாது என்று நம்பினார், பாவம்.

கொட்டாஞ்சேனை ஹமீமா, மருந்து மாற்றியபின் மகளுக்கு வலிப்புக் குறைந்ததைக் குழுவில் எழுதியிருந்தார். அந்த மடல் பெயரோடும் ஊரோடும் வாட்ஸ்அப்பில் சுற்றி, மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. கலியாணம் நின்றது.

ஹமீமா தொலைபேசியில் அழவில்லை. “ஆரு அனுப்பினதெண்டு கண்டுபுடிங்க அக்கா. இல்லாட்டி இனி ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க,” என்றார்.

ஜெகதீஸ்வரிக்கும் அந்தப் பயம்தான். வேறெங்கும் இதைப் பேச முடியாதவர்கள் அந்த ஏழு பேரும்.

ஜிந்துப்பிட்டியில் வலிப்புக்கு நல்ல மருத்துவர் ஒருவர் இருப்பதாக ஒரு மடல் எழுதினார். ‘மருத்துவர்’ என்ற ஒரு சொல்லை மட்டும் ஆளுக்கொரு விதமாக மாற்றித் தனித்தனியே அனுப்பினார். எந்தச் சொல் வெளியே வருகிறதோ, அதைப் பெற்றவர்தான் கள்ளர். ஒருவருக்கு டொக்டர், ஒருவருக்கு டொக்ரர், மற்றவர்களுக்கு டாக்டர், டாக்ரர், டாக்குத்தர், வைத்தியர், மருத்துவர். நம் ஆட்கள் ஒரு சொல்லை இத்தனை விதமாக எழுதுவதால் முதன்முறையாக ஒரு பிரயோசனம் கிடைத்தது.

நாலாம் நாள் ஹமீமா, வாட்ஸ்அப்பில் தனக்கு வந்ததை அனுப்பிவைத்தார். அதே மடல். சொல் மட்டும் ‘டொக்குத்தர்’.

அப்படி அவர் ஒருவருக்கும் அனுப்பவில்லை. முதலில் எழுதிய வரைவில்தான், அவசரத்தில், வீட்டில் பேசுகிற ‘டொக்குத்தர்’ விழுந்திருந்தது. அந்த வரைவு வீட்டுக் கணினியில்தான் கிடந்தது. அதைத் தொடுகிற இன்னொரு ஆள் கணவர் வரதராசா.

“ஓம், நான்தான் தங்கச்சிக்கு அனுப்பினனான்,” என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். “முந்தினதும் நான்தான். நல்ல மருந்து விபரம், நாலு பேருக்கு உதவட்டுமெண்டு. அதிலை என்ன பிழை?” பெயரை அழிக்க வேண்டுமென்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

ஜெகதீஸ்வரியை வெட்கம் பிடுங்கித் தின்றது. குற்றமில்லாதவர்களை நாலு நாள் கள்ளராக நினைத்தது வேறு. ஏழு பேருக்கும் உண்மையை எழுதினார். குழுவை அதிலிருந்த இரத்மலானை ஷரீப்பிடம் ஒப்படைத்து, தன் முகவரியை நீக்கச் சொன்னார்.

அன்று பின்னேரமே ஹமீமாவின் பதில் வந்தது. “ஒங்களோட கோவம் இல்ல அக்கா. ஆனா மகள்ட வருத்தத்தப் பத்தி இனி ஒருத்தருக்கும் எழுத மாட்டேன். ஒங்களுக்கும்தான்.”