குரங்குக்கு ஒரு கிண்ணம்

பெருமாள்மலைக்கு மேலே, வாடகைக்கு விடுகிற காட்டேஜ் ஒன்றில் அருள்மேரிக்குச் சமையல் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் சோற்றில் ஒரு கல் கடிபட்டதாக யாரும் சொன்னதில்லை. தண்ணீர் தெளிகிற வரை அரிசியைக் கழுவுவாள், ஏழு முறையானாலும் சரி. மிஷன் பள்ளி விடுதியின் அடுப்படியில் சிஸ்டர்கள் ஏற்றிவிட்ட சுத்தம் அது, இன்றுவரை இறங்கவில்லை. அடுத்த வீட்டில் டீ கொடுத்தால்கூட டம்ளர் விளிம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். தெருவே கேலி செய்யும். அவளுக்கு அதுவும் பெருமைதான்.

போன மாசியில் யோஷிகோ என்ற ஜப்பான்கார அம்மா பத்து நாள் தங்க வந்தார். அறுபது வயதிருக்கும். கணவர் சென்னைப் பக்கம் கார் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் ஆசிரியர் வைத்துத் தமிழ் கற்றவர். "இன்று ரசம் மிகவும் சுவையாக இருந்தது" என்று அவர் சொன்னால் ரேடியோவில் செய்தி கேட்டது போலிருக்கும். நாலு நாள், காரம் குறைத்த சமையலை ருசித்துச் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் மத்தியானம் பெட்டியிலிருந்து குட்டி ரைஸ் குக்கர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இன்று இரவு உணவை நான் சமைக்கிறேன். எங்கள் வீட்டு எளிய உணவு. நீங்களும் சாப்பிட வேண்டும்."

அருள்மேரிக்குச் சுருக்கென்றது. சமையல்காரி குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது விருந்தாளி கரண்டி பிடிப்பதா? வாயில் மட்டும் "சரிங்க மேடம்" வந்தது.

ஐந்து மணிக்குப் பாத்திரம் துலக்க வந்தபோது மேடம் நடக்கப் போயிருந்தார். குக்கர் மூடியிருந்தது. மூடிய பாத்திரத்தைத் திறந்து பார்க்காத சமையல்காரி இன்னும் பிறக்கவில்லை. திறந்தாள். அரிசி, கறுத்த தண்ணீரில் கிடந்தது. அதன்மேல் அறுந்த செருப்பு வார் மாதிரி ஏதோ ஒன்று, கொழகொழவென்று.

'அரிசியக்கூடக் கழுவத் தெரியலையே, பாவம்' என்று இரக்கப்பட்டாள். அந்த இரக்கம்தான் அவளைக் கெடுத்தது. அத்தனையையும் பின்புறக் குப்பைக் குழியில் கொட்டினாள். குக்கரைப் பளபளவென்று தேய்த்தாள். வேறு அரிசியை ஏழு தண்ணீரில் கழுவி, வெள்ளை வெளேரென்று சோறாக்கி வைத்தாள்.

மேடம் திரும்பி வந்து கோழியும் கேரட்டும் காளானும் நறுக்கிய தட்டோடு குக்கரைத் திறந்தார். அப்படியே நின்றார்.

"என் கடல்பாசி எங்கே? சோயா நீரில் அரிசியோடு ஊறவைத்திருந்தேனே?"

தான் கொட்டியது அழுக்கில்லை என்று அப்போதுதான் அருள்மேரிக்கு விளங்கியது. நான்தான் கொட்டினேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் இருபத்திரண்டு வருட நல்ல பெயர் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"கொரங்கு வந்துருச்சுங்க மேடம். ஜன்னல் தெறந்து கெடந்துச்சு, எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிருச்சு. பசியோட வருவீங்களேன்னு வெரசா வேற சோறு வச்சேன்."

கொடைக்கானலில் குரங்கின் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் ஒட்டும். மேடம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அருள்மேரிக்கு முன்னால் தலை குனிந்தார்.

"திறந்து வைத்தது நான்தான். உங்களுக்கு வீண் வேலை. மன்னிக்க வேண்டும்." ஜன்னலைச் சாத்திவிட்டு, "அந்தக் கடல்பாசி என் தம்பி காயவைத்தது. போன வருடம் இறந்துவிட்டான். அதுதான் கடைசித் துண்டு. பரவாயில்லை, குரங்குக்கு என்ன தெரியும்?" என்றார்.

தான் செய்த தப்புக்குத் தன்னிடமே ஒருவர் மன்னிப்புக் கேட்டால் எப்படி இருக்கும்? அருள்மேரிக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுநாள் வெள்ளனே வந்து, மூக்கைச் சுளிக்காமல் அந்தக் குப்பைக் குழிக்குள் கைவிட்டுத் துழாவினாள். காட்டுமாடு வந்து மிதித்துக் கிளறிவிட்டுப் போயிருந்தது. முட்டை ஓடும் டீத்தூளும்தான் கையில் வந்தன. பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். மேடத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்வது அப்படியா?

அன்று சாயங்காலம் மேடம் மறுபடி சமைத்தார். அரிசியை அவர் கழுவிய கழுவலைப் பார்த்தே அருள்மேரிக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒரு மணிகூட உடையாமல், தண்ணீர் தெளியத் தெளியக் கழுவினார். கடல்பாசிக்குப் பதிலாக, காய்ந்த காளான் ஊறிய தண்ணீரையும் சோயாவையும் ஊற்றினார். கோழியையும் கேரட்டையும் மேலே பரப்பி, கிளறாமல் மூடினார். பட்டன் டக்கென்று மேலே வந்த பிறகும், "பத்து நிமிடம் திறக்கக் கூடாது" என்றார். அருள்மேரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

திறந்ததும் அடுப்படி மணத்தது. மேடம் மூன்று கிண்ணங்களில் பரிமாறினார். ஒன்று தனக்கு, ஒன்று அருள்மேரிக்கு. மூன்றாவதை எடுத்துப்போய் வெளிச்சுவரின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

"குரங்குக்கு. நேற்று அதற்குக் கிடைத்தது வேகாத அரிசி. இன்றாவது வெந்ததைச் சாப்பிடட்டும்."

அருள்மேரிக்குச் சாப்பாட்டில் கை போகவில்லை. எழுந்து வெளியே போனாள். சுவரிலிருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து மேடத்தின் முன்னால் நின்றாள்.

"கொரங்கு வராதுங்க மேடம். நேத்தும் வரல. அழுக்குத் தண்ணின்னு நெனச்சு நாந்தேன் கொட்டுனேன். பொய்யும் நாந்தேன் சொன்னேன்."

மேடம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"தெரியும்" என்றார். "குக்கர் மிகவும் சுத்தமாக இருந்தது. குரங்கு பாத்திரம் தேய்க்காது."

எந்தச் சுத்தத்தை வைத்து இத்தனை வருடம் ஊரில் தலை நிமிர்ந்து நடந்தாளோ, அதுவே காட்டிக்கொடுத்திருந்தது. நேற்று அவர் தலை குனிந்தபோதும் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று நினைத்தபோது, அருள்மேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஆறிவிடும். உட்காருங்கள்" என்றார் மேடம்.

அருள்மேரி உட்கார்ந்தாள். முன்னால் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. குரங்கின் கிண்ணத்தைத்தான் முதலில் சாப்பிட்டாள்.