செல்வி அக்காவைக் கூப்பிடும் பட்டன்

ஒரு பட்டனை அமுக்கினால் ஒரு மணி அடிக்க வேண்டும், இவ்வளவுதானே என்று இறங்கி மாட்டிக்கொண்ட எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். கறம்பக்குடியில் மோட்டார் பழுது பார்ப்பது என் பிழைப்பு. ஞாயிறானால் சின்ன எலக்ட்ரானிக் போர்டில் புரோகிராம் எழுதுவது ஆசை. அந்த ஆசையில்தான் அடுத்த வீட்டு ரெங்கசாமி மச்சானுக்கு ஒரு பட்டன் செய்தேன். பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சும் நடையும் போயிருந்தன. அவர் அமுக்கினால், மாட்டுக்கொட்டகையில் இருக்கும் அவர் மனைவி செல்வி அக்காவுக்கு மணி கேட்கும்.

ஒன்றுக்கு ஐந்து

முதல் நாள் மச்சான் ஒருமுறை அமுக்கினார். மணி ஐந்து தடவை அடித்தது. பால் செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்த அக்கா, "ஒரு தடவ அடிச்சா வர மாட்டேனா?" என்று வைதுவிட்டது. அதற்குப் பிறகு அவர் பட்டனைத் தொடவே இல்லை. சாயங்காலம் வரை தாகத்தோடு கிடந்திருக்கிறார்.

அமுக்கும்போது உள்ளே இருக்கும் தகடு கண்ணிமைக்கும் நேரத்தில் நாலைந்து தடவை துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு மணி. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒருமுறை பட்டதும் கொஞ்ச நேரம் எதையும் கேட்காதே என்று புரோகிராமைத் திருத்தினேன். தப்பு என்னுடையது என்று சொன்னதும் அக்கா மச்சான் கையைப் பிடித்துக்கொண்டது.

"தெரியாம வஞ்சுட்டேன். நூறு தடவ அடிங்க, வாரேன்."

விடாத விரல்

நீளமாக அமுக்கினால் ஆபத்து என்று அர்த்தம், தெருவே கேட்க சைரன் சங்கு ஊத வேண்டும் என்று வைத்திருந்தேன். மச்சானின் விரல் அமுக்கினால் சட்டென்று எழாது என்பது எனக்கு உறைக்கவில்லை. தண்ணீருக்கு அமுக்கினார், சங்கு ஊதியது. அக்கா சந்தைக்குப் போயிருந்தது. பக்கத்து வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த கருப்பையா சேற்றுக்காலோடு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் டம்ளரை எடுத்து அவரே புகட்டினார்.

"மெதுவா குடிங்க மாமா. மடையத் தொறந்துபோட்டு வந்தேன், போனாப் போவுது."

காரணமில்லாத மணி

சங்கைக் கழற்றிவிட்டேன். அப்புறம் ஒரு புதுத் தொல்லை. மணி அடிக்கும், அக்கா ஓடும், மச்சானுக்குத் தண்ணீரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நீளமான ஒயரில் ஏதோ கோளாறு என்று மாற்றினேன். பட்டனையும் மாற்றினேன். மணி நிற்கவில்லை. கடைசியில் அமுக்குவதெல்லாம் பதிவாகும்படி செய்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் விரல் வைத்து நிதானமாக அமுக்கியது.

அக்காவிடம் காட்டினேன். அது மச்சானிடம் குனிந்து ஏதோ கேட்டது. அவர் மெல்லத் தலையாட்டினார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பழுதெல்லாம் இல்ல தம்பி. நான் அங்கிட்டுப் போனா, இங்கிட்டு இவருக்கு என்னப் பாக்கணும்போல இருக்காம்."

பட்டனை மூன்று மாதம் பிரித்துப் பிரித்துப் பார்த்த எனக்கு, அமுக்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று மட்டும் கடைசி வரை தோன்றவே இல்லை.