கண்ணுக்குச் சொட்டு, வாய்க்குப் பூட்டு

சொட்டு மருந்து பாட்டில் பில் மிஷின் மேல் வந்து விழுந்தது. மருந்துக்கடை வேலை என்றால் டாக்டர் எழுதியதற்கு நாம் திட்டு வாங்குவது. என்னைப் போலக் கவுண்டருக்கு உள்ளே நிற்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்று நாள் பொறுமை

பாட்டிலை எறிந்தது கீழக்கரை ரஸியா அக்கா. கருவை மரம் பூத்தால் போதும், அவருக்கு இரண்டு கண்ணும் மீன் செவுள் மாதிரி சிவந்துவிடும். ஐந்து வாரத்தில் அவருக்கு நிக்காஹ். "அரிக்கும்போதெல்லாம் ஊத்துறேன், மூணு நாளாச்சு, ஒண்ணும் கேக்கல. மாப்பிள்ளை இந்தக் கண்ணைப் பாத்தா அடுத்த பிளேன்ல துபாய்க்கே போயிருவாரு" என்றார்.

ராமநாதபுரத்தில் இந்தக் கடையில் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லியிருந்தார்: மருந்தைக் கொடு, வாயைக் கொடுக்காதே. எனக்கு அது வராது. அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததையே எடுத்துவிட்டேன். "அக்கா, கண்ணுக்குள்ள பொடிப்பொடியா சுருக்குப் பை இருக்குன்னு வச்சுக்கங்க. பூந்தூள் பட்டா பை அவுந்து அரிப்பைக் கொட்டிரும். இந்தச் சொட்டு பை வாயை இறுக்கிக் கட்டும், கொட்டினதை அள்ளாது. அரிச்சாலும் அரிக்காட்டியும் நாலு வேளை ஊத்தணும். பலன் நல்லாத் தெரிய ரெண்டு மூணு வாரமாகும்."

அக்கா பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "பள்ளிக்கூடம் போகாத பய, எனக்குப் பாடம் எடுக்குறான் பாரு!"

சட்டைப்பை மாத்திரை

மீன் வண்டி ஓட்டுகிற முருகேசன் அண்ணனுக்கு மூச்சு இழுப்பு. அவருக்கு டாக்டர் கொடுத்ததும் பை கட்டுகிற வகைதான், தினமும் போடுகிற மாத்திரை. அவரோ அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ராமேஸ்வரம் பாலத்தில் இழுப்பு வந்தால் ஒன்றை முழுங்குவாராம்.

"அண்ணே, இழுப்பு வந்தா வாயில அடிக்கிற பம்பு. இது வராம இருக்கத் தினமும் போடுறது. தூக்கம் வேற வரும், வண்டி ஓட்டுறதை டாக்டர்ட்ட சொன்னீங்களா?" என்றேன். முதலாளி மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இருக்குறப்ப மாத்திரை போட நான் என்ன நோயாளியா?"

கல்யாணக் கண்

மூன்றாவது வாரம் ரஸியா அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். அரிப்பு குறைந்துவிட்டது, நிறுத்திவிடலாமா என்றார். "இப்ப விட்டா பை அவுந்துரும், பூ உதிருற வரைக்கும் ஊத்துங்க" என்றேன். உண்மையைச் சொன்னால், கல்யாணம் வரை தாங்குமா என்று எனக்கே தெரியாது.

கல்யாணத்தன்று மண்டபத்தைச் சுற்றிலும் கருவை மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது, காற்று வேறு. ஆம்பளைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பொண்ணு கண்ணை எப்படிப் பார்ப்பது? தவித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் தம்பி ஓடிவந்து செல்போனை நீட்டினான். படத்தில் இரண்டு கண் மட்டும். பால் வெள்ளை, மை கூடக் கலையவில்லை. "பைக்காரனுக்கு இதைக் காட்டிட்டுத்தான் பிரியாணி வைக்கணும்னு லாத்தா சொல்லிருச்சு!" என்றான். அக்காவை அவர்கள் லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிரியாணியைத் தின்றுவிட்டு வாயைத் திறக்காமல் வந்துசேர் என்று சொல்லித்தான் முதலாளி அனுப்பினார். முதல் பந்தி முடிவதற்குள் நான் ஆறு பேருக்கு வாயாலேயே சுருக்குப் பை கட்டியிருந்தேன்.