டெல்லா கை தூக்கவில்லை

பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவில் எங்கள் ஊர்ப் பெண்கள் பகலெல்லாம் பட்டு நெய்தார்கள். உடுத்தியது என்னவோ பருத்தி. அந்தப் பட்டு ஒரு உடம்பில் வழிந்து நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் செல்னிக்கின் சினிமா கொட்டகைக்குத்தான் போக வேண்டும். அங்கே வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவள் டெல்லா க்வின்லன். முப்பது தாண்டியவள், கல்யாணமாகாதவள், செம்பட்டை முடிக்காரி.

அவளுடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் நெஞ்சைப் புண்ணாக்கிக்கொண்டு, ஒரு சின்ன வீடு வாங்கச் சேர்த்ததையெல்லாம் ஊரின் சேமிப்புச் சங்கத்தில் போட்டிருந்தார். சங்கத்தின் தலைவர் கார்க்கரன். ஒரு திங்கட்கிழமை சங்கத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. கார்க்கரன் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடவுள் நம்மைச் சோதிக்கிறார் என்றார். அவருடைய மாடி வீட்டுக்கும் காருக்கும் எந்தச் சோதனையும் வரவில்லை. டெல்லாவின் அப்பா அடுத்த குளிர்காலத்தில் வாடகை அறையில் இருமி இருமிச் செத்தார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்தப் படங்களின் மேல் பைத்தியம் பிடித்தது. படம் ஆரம்பித்ததும் கூண்டைச் சாத்திவிட்டுக் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நிற்பாள். வாரிச் சீவிய தலையோடு, வெள்ளைக் கையுறையோடு, வாயைத் திறந்தால் பொய்யும் தேனுமாகப் பேசும் எத்தர்கள். அவர்களுக்கு ஈடு கொடுத்துப் பேசும் எத்திகள். ஏமாறுகிறவர்கள் எல்லாரும் பெரிய பணக்காரர்கள். ஏமாற்றுகிறவர்களுக்கு நடுவில் காதல்.

அவளுக்கு உயிரான படம் ஒன்று உண்டு. போலி டாக்டர் ஒருவன், எஃகு ஆலை முதலாளி ஒருவரைச் சாகக் கிடப்பதாக நம்ப வைக்கிறான். அவன் அமர்த்திய நர்ஸும் போலி. முதலாளி படுக்கையில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் இவர்கள் இரண்டு பேரும் அவர் வீட்டு வாத்து வறுவலைத் தின்றபடி காதலிப்பார்கள். கடைசியில் அவருடைய மென்மயிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் ரயிலேற, பிழைக்க வைத்ததற்கு நன்றி சொல்லி அவரே கையசைப்பார். அரை வயிற்றோடு வந்த கூட்டம் அந்த வாத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கும்.

"திருட்டுப் பயலப் பாத்து என்னடி இப்படி இளிக்கிற?" என்று அண்ணி ஆக்னஸ் இடிப்பாள்.

"அவன் யாருகிட்டயும் தலையைக் குனியல பாருங்க அண்ணி. எனக்கு அது போதும்" என்பாள் டெல்லா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருடக் கோடையில், ஞாயிற்றுக்கிழமை பூசையில், பாதிரியார் டியர்னி ஒரு சத்தியப் பிரமாணத்தைப் படித்தார். ஒழுக்கம் கெட்ட படங்களையும் அவற்றைக் காட்டும் கொட்டகைகளையும் ஒதுக்குவதாக எல்லோரும் எழுந்து வலது கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். கோவிலே எழுந்தது. டெல்லா உட்கார்ந்தே இருந்தாள். ஆக்னஸ் தொடையில் கிள்ளியும் அசையவில்லை.

பூசை முடிந்ததும் படிக்கட்டில் பாதிரியார் அவளை நிறுத்தினார். கெட்டவர் அல்ல, சுரங்க வேலைநிறுத்தத்தின்போது கோவில் நிலவறையில் சூப் காய்ச்சி ஊருக்கே ஊற்றியவர்.

"உடம்பு சரியில்லையா டெல்லா?"

"நல்லாத்தான் இருக்கேன் ஃபாதர்."

"அப்புறம் ஏம்மா எந்திரிக்கல?"

"காப்பாத்த மாட்டேன்னு தெரிஞ்ச சத்தியத்தைச் சாமி முன்னாடி எப்படிப் பண்றது?"

"பாவத்தை இனிப்பாக் காட்டுறாங்கம்மா. குடும்பம் கெட்டுப்போகும்."

"கெட்டுப்போறதுக்கு எங்க வீட்ல என்ன ஃபாதர் மிச்சம் இருக்கு?"

அவர் அவளுடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

கொட்டகை முதலாளி செல்னிக் நடுங்கிப்போனார். அந்த மாதிரிப் படங்களை இனிமேல் ஓட்டக் கூடாதென்று படக் கம்பெனிகளின் மேலிடத்திலிருந்தும் கட்டளை வந்திருந்தது. வாத்துப் படத்தின் பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"சனிக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு ஆட்டம் போடுங்க சார்" என்று டெல்லா அவரை விடாமல் அரித்தாள்.

"நானே வந்தேறி, யூதன் வேற. இந்த ஊர்ல நான் பிழைக்க வேண்டாமா? அடி விழுந்தா யாரு வாங்குறது?"

"நான் வாங்கிக்கிறேன். நீங்க போடுங்க."

மில்லில் நெய்யும் பெண்களிடம் அவளே போய்ச் சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம் தொப்பியும் கையுறையுமாக வந்தார்கள். வந்தவர்கள் எதிர் நடைபாதையிலேயே நின்றுவிட்டார்கள். கொட்டகை வாசலில் கோவில் அமைத்த ஒழுக்கக் குழுவின் தலைவராகக் கார்க்கரன் நின்றிருந்தார். கூட இரண்டு ஆட்கள். அவர் யாரையும் மிரட்டவில்லை. தொப்பியைத் தூக்கி ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லி விசாரித்தார், அவ்வளவுதான்.

"மிஸஸ் கேவிகன், வீட்டுக்காரர் சௌக்கியமா? வேலை நிலைச்சிருக்கா?"

நோரா கேவிகன் கீழே பார்த்தாள். பின்வரிசையில் சிலர் நழுவத் தொடங்கினார்கள்.

டெல்லா கூண்டை விட்டு வெளியே வந்தாள்.

"வெயில்ல ஏன் நிக்கிறீங்க மிஸ்டர் கார்க்கரன்? உள்ள வாங்க. உங்களுக்கு டிக்கெட் வேண்டாம்."

"திருடனைக் கொண்டாடுற படத்துக்கு நான் வரணுமா?"

"இந்தத் திருடன் பணக்காரன்கிட்டதான் எடுக்குறான். எடுக்குறப்பவும் நம்மளச் சிரிக்க வைக்கிறான். நீங்க எங்க அப்பா வீட்டை எடுத்தீங்களே, அந்த மனுஷனுக்கு ஒரு சிரிப்பாவது குடுத்தீங்களா?"

கார்க்கரனின் கழுத்து சிவந்தது.

"சங்கம் முழுகினா நான் என்ன பண்றது? அது கடவுளோட சோதனை!"

"சோதனை எங்களுக்கு, காரு உங்களுக்காக்கும்?"

எதிர் நடைபாதையில் நோராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையுறையால் வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. அது பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றியது, அவளிடமிருந்து அடுத்தவளுக்கு. சிரித்துக்கொண்டே நோரா தெருவைக் கடந்தாள். "எனக்கு ஒண்ணு குடுடி டெல்லா" என்று காசை நீட்டினாள். கார்க்கரன் மறுபடி தொப்பியைத் தொட்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. கொட்டகை பாதிதான் நிரம்பியது. ஆனால் வாத்து வரும் கட்டத்தில் எழுந்த சத்தம் ஆற்றுப் பாலம் வரைக்கும் கேட்டதாம்.

அதற்கு விலை இருந்தது. மறு வாரத்திலிருந்து கோவில் குடும்பங்கள் கொட்டகைப் பக்கமே வரவில்லை. செல்னிக் அவள் முகத்தைப் பார்க்காமலே வேலையை விட்டு நிற்கச் சொன்னார். "சொன்ன மாதிரி நான்தானே வாங்குறேன், விடுங்க" என்று அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கார்க்கரன் கோவிலில் முன்வரிசையிலேயே இருந்தார். ஆக்னஸ் ஒரு வருடம் பேசவில்லை. அதற்குப் பிறகு திரையில் வந்த எத்தர்கள் எல்லாம் அழுது திருந்தினார்கள், அல்லது கம்பி எண்ணினார்கள்.

டெல்லா மில்லில் நூல் சுற்றும் வேலைக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பெண்கள் அவளைச் சுற்றி உட்காருவார்கள். பார்த்த படங்கள் தீர்ந்ததும் அவளே இட்டுக்கட்டத் தொடங்கினாள்: போலிச் சீமாட்டி, போலி பிஷப், ஆளுநரின் குதிரையை ஆளுநருக்கே விற்றவன். புருவத்தை ஏற்றி, குரலை மாற்றி, ரொட்டித் துண்டை வைரமாகப் பிடித்து நடித்துக் காட்டுவாள். மேஸ்திரி வந்து அதட்டினால், அவரையே மறுநாள் கதையில் ஏமாறுகிறவனாக்கிவிடுவாள்.

ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்:

"ஏன்க்கா, உங்க கதையில ஒருத்தன்கூட மாட்டிக்க மாட்டேங்குறானே? ஒரு தடவையாவது ஜெயிலுக்கு அனுப்பக் கூடாதா?"

டெல்லா மடியிலிருந்த ரொட்டித் தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"அதைத்தான் இப்ப கொட்டகையில காட்டுறாங்களே. அங்க போய்ப் பாத்துக்கோ."