சீனக்கடைச் செத்தல் மிளகாய்

கொழும்பில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடைக்கு மகளோடும் மருமகனோடும் போயிருந்தேன். மருமகன் கை கழுவப் போன நேரத்தில், கோழிப் பொரியலைக் கொண்டுவந்து வைத்தவர், "அம்மா, இந்தக் காஞ்ச செத்தல் மிளகாய் வாசத்துக்குத்தான். ஒதுக்கிப்போட்டுச் சாப்பிடுங்க" என்றார். எண்ணெயில் கருகிய அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அப்போது யுத்த காலம். மட்டக்களப்பில் வாவிக்கரையோரம் ஒரு சீனக்காரர் கடை போட்டிருந்தார். அக்காவைக் கட்டி எங்கள் வீட்டோடு வந்திருந்த அத்தான், சோற்றில் கை வைத்ததும், "இதென்ன கறியா, வாவித் தண்ணியா?" என்பார். உறைப்பு என்றால் என்னவென்று காட்டுவதாகச் சொல்லி, ஒருநாள் எங்களை அந்தக் கடைக்குக் கூட்டிப்போனார்.

அத்தான் வாசலில் சுருட்டுப் பற்றவைக்கையில், சீனக்காரர் மிளகாயைத் தொட்டு, தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக் காட்டினார். அக்கா தலையாட்டினாள். அத்தான் வந்ததும் நான் சொல்ல வாயெடுத்தேன். மேசைக்கடியில் அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

தட்டில் மிச்சம் வைப்பது எங்கள் பக்கத்து ஆண்களுக்கு வெட்கம். அத்தான் அத்தனை மிளகாயையும் மென்று விழுங்கினார். கண்ணும் மூக்கும் ஒழுகின.

"உறைப்புக் காணுமா, இன்னும் வேணுமா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

கை கழுவிவிட்டு மருமகன் வந்து உட்கார்ந்தார். நேற்றுத்தான் என் மகளின் கறியை நாய்கூடத் தின்னாது என்றவர்.

"மாமி, இந்த மிளகாயும் தின்னலாமா?"

பக்கத்திலிருந்த மகள் வாயெடுத்தாள். அவள் தொடையைக் கிள்ளினேன்.

"ஓம் மகன். ஒண்டையும் மிச்சம் வைக்காதீங்க."